நூர் இனாயத் கானும் இரு யூதப் பெண்களும்

நூலுக்குப் பெயர் சூட்டுவது பிள்ளைக்குப் பெயர் சூட்டுவது போன்றதன்று. பிள்ளையின் பெயர் அதன் குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நூலின் பெயரோ, வாசகன் முதல் ஏட்டைப் புரட்டு முன்பே அவன் கையைப் பற்றித் தான் விரும்பிய திசைக்கு அழைத்துச் சென்று விடுகிறது. ஷ்ரபணி பாசு என்னும் எழுத்தாளர் நூர் இனாயத் கானின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஸ்பை பிரின்சஸ்'. 'ஒற்றர் இளவரசி' என்று நாம் தமிழில் சொல்லிக் கொள்ளலாம். நல்ல நூல், உழைப்பில் விளைந்த நூல். 2003-இல் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகம் திறந்து விட்ட நூரின் பணிக் கோப்பைப் பொறுமையுடன் படித்து எழுதப்பட்ட நூல். ஆனால் அதன் பெயரிலுள்ள இரு சொற்களையும் நாம் ஒப்புவதற்கில்லை. 'இளவரசி' என்பதும் பொருந்தவில்லை. 'ஒற்றர்' என்பதும் முழுமையாகப் பொருந்தவில்லை.

முதலில் இளவரசியைப் பார்ப்போம். நூரின் தந்தை ஹஸ்ரத் இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த இசைவாணர். ஸூஃபி நெறியை மேல்நாடுகளுக்கு எடுத்துச் சென்றவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் மௌலா பக்ஷ் பெரும் இசைப் புலவர். அந்த மௌலா பக்ஷ் மணந்த அம்மையார் திப்பு சுல்தானின் பேத்தி என்பது குடும்ப வழக்கு. இவ்வொரு நூலிழையைப் பற்றிக் கொண்டே 'இளவரசி' என்னும் பட்டம் நூரின் தலைமேல் ஏறிற்று. நம்மவர்கள் அவரைப் பற்றிப் பேச வாயெடுத்தாலும் திப்பு சுல்தானில் தொடங்கித் திப்பு சுல்தானிலேயே முடித்து விடுகிறார்கள். 1799-க்குப் பிறகு அந்த அரச குடும்பத்தின் நிலை என்னவாயிற்று? நம் பூந்தமல்லி வழியே மேற்கே செல்லும் சாலையில் போனால் வேலூர்க் கோட்டை வரும். அங்குதான் திப்புவின் மக்கள் கைதிகளாக வைக்கப்பட்டனர். 1806-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் அங்கிருந்தும் பெயர்த்துக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். ஆகவே நூருக்கு அவ்வழியில் கிடைத்த மரபுரிமை அரியணையன்று, நாடிழந்த வாழ்க்கையே. நூலின் பெயர் மறைப்பது இதைத்தான்.

நூர் 1914 ஜனவரி முதல் நாள் மாஸ்கோவில் பிறந்தார். தாய் அமெரிக்கப் பெண்மணி. குடும்பம் இலண்டனுக்குப் பெயர்ந்து, பிறகு பிரான்ஸில் பாரிஸை அடுத்த ஸ்யுரேனில் குடியேறிற்று. 1927-இல் தந்தை டில்லியில் மறைந்தபோது நூருக்கு வயது பதின்மூன்று. வீணை மீட்டினார், பிள்ளைகளுக்குக் கதைகள் எழுதினார். புத்த ஜாதகக் கதைகளில் இருபதைத் தேர்ந்து அவர் ஆங்கிலத்தில் சொன்ன நூல் 1939-இல் இலண்டனில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மானியப் படை பாரிஸை நெருங்கியது. நூரும் தாயும் உடன்பிறந்தாரும் மற்ற இலட்சக்கணக்கான மக்களோடு தெற்கு நோக்கி ஓடி, கப்பலேறி, 1940 ஜூனில் இங்கிலாந்துக் கரையை அடைந்தனர். நவம்பரில் அவர் விமானப் படையின் மகளிர் துணைப் பிரிவில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி கற்றார். அகதியாக வந்து ஐந்து மாதங்களுக்குள் சீருடை அணிந்து விட்டார் என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். அவரை அவர் காலத்து மற்ற அகதிகளோடு நிறுத்திப் பார்த்தாலன்றி அவர் செயலின் பொருள் விளங்காது.

அக்காலத்தில் அகதி என்றால் முதலில் நினைவுக்கு வருவோர் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் விரட்டப்பட்ட யூதர்களே. அவர்களுக்கு நேர்ந்த வேடிக்கையை என்னென்பது! ஹிட்லர் அவர்களை யூதர் என்று துரத்தினான். அடைக்கலம் தந்த பிரிட்டன் 1940-இல் அவர்களை ஜெர்மானியர் என்று முள்வேலிக்குள் அடைத்தது. அவ்வாறு அடைக்கப்பட்ட 'எதிரி நாட்டார்' சுமார் 27,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் யூத அகதிகள். இந்தியாவிலும் போர் தொடங்கிய 1939-லேயே ஜெர்மானியக் கடவுச்சீட்டு வைத்திருந்த யூதர்கள் நாஜிகளோடு சேர்த்தே முகாம்களில் அடைக்கப்பட்டு, விசாரணைக்குப் பிறகுதான் வெளிவந்தனர். பின்னர் அரசினர்க்கு ஒரு ஞானோதயம் உண்டாயிற்று. எதிரியின் மொழியைத் தாய்மொழியாகவும், எதிரியின் கொடுமையைச் சொந்த அனுபவமாகவும் உடையவர்கள் தம் கையிலேயே இருக்கிறார்கள். இவர்களை ஏன் சிறையில் வைத்துச் சோறு போட வேண்டும்? ஜெர்மானிய, ஆஸ்திரிய அகதிகள் சுமார் 10,000 பேர் பிரிட்டிஷ் படைகளில் பணியாற்றினர். அதிரடிப் படையின் ஒரு தனிப் பிரிவில் சேர்ந்த யூத இளைஞர்கள் தம் பெயரை ஆங்கிலப் பெயராக மாற்றிக் கொண்டனர். சிறைப்பட்டால் யூதர் என்று தெரிந்து விடக் கூடாதென்று கழுத்துப் பட்டையில் கிறித்தவ சமயத்தைப் பொறித்துக் கொண்டனர். இலண்டனை அடுத்த டிரென்ட் பார்க் மாளிகையில் சிறை வைக்கப்பட்ட ஜெர்மானியத் தளபதிகள் தமக்குள் பேசியதைச் சுவருக்குப் பின்னிருந்து கேட்டு எழுதியவர்களும் பெரும்பாலும் இவ்வகதிகளே. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ரிச்சி முகாமில் 1942 முதல் பயிற்சி பெற்ற உளவுப் படையினருள் யூத அகதிகள் ஈராயிரவருக்கு மேல் இருந்தனர். கைதிகளை விசாரிப்பதே அவர்கள் தொழில். 1944 டிசம்பரில் அவர்களுள் இருவர் ஜெர்மானியரிடம் பிடிபட்டனர். யூதர் என்று தெரிந்ததும் தனியே நிறுத்திச் சுடப்பட்டனர்.

யூதர் என்றவுடன் நம் வாசகர்களுள் பலருக்குப் பலஸ்தீனம் நினைவுக்கு வரும். அது இயல்பே; அந்நினைவை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. பலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி ஒரு கணக்கு. 1933-க்குப் பின் ஐரோப்பிய யூதர்க்கு இழைக்கப்பட்டது வேறொரு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்கும் கூட்டல் கழித்தல் நீதிமான்களுக்கு உரியதன்று. அப்படிக் கழித்துப் பார்ப்பவருக்கு நூரின் வரலாறும் பாதியே தெரியும். ஏனெனில், அவர் வரலாற்றின் மற்றப் பாதி இரண்டு யூதப் பெண்களிடம் இருக்கிறது.

அவர்களிடம் வருமுன் 'ஒற்றர்' என்னும் சொல்லையும் பார்த்து விடுவோம். அறபியில் துருவி ஆராய்பவனுக்கு ஜாஸூஸ் என்று பெயர். அண்டை வீட்டானின் குற்றத்தைத் துருவுவதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. போர்க்களத்தில் எதிரியின் நிலையறிதல் வேறு என்பது சட்ட அறிஞர்கள் கண்ட வேறுபாடு. அகழ்ப் போரின் குளிரிரவில் ஹுதைஃபா (ரலி) அவர்கள் எதிரிப் பாசறைக்குள் அனுப்பப்பட்டதும், யூதர்களின் எழுத்தைக் கற்றுவர ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததும் நாம் அறிந்தவை. நூர் செய்தது ஹுதைஃபாவின் வேலையைவிட ஸைதின் வேலைக்கே நெருங்கியது. அவர் துருவியறிந்து சொன்னவரல்லர். பிறர் அறிந்ததைக் குறியீட்டில் பொதிந்து இலண்டனுக்கு அனுப்பியவர். சுமார் பதினைந்து கிலோ எடையுள்ள பெட்டியைத் தூக்கிக் கொண்டு பாரிஸில் இடம் மாறி இடம் மாறித் தந்தியடித்தவர். அவ்வேலைக்குப் போனவர்கள் ஆறு வாரம் பிழைத்திருந்தால் அதிகம் என்று கணக்கிட்டிருந்தனர். நூர் நான்கு மாதங்கள் தாக்குப் பிடித்தார்.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஐயத்துக்கிடமில்லாத தோற்றம், எவர் விழித்து நோக்கினும் அஞ்சாமை, உள்ளத்திலுள்ளதை எங்கும் வெளியிடாமை என்று மூன்று இயல்புகளை வள்ளுவர் ஒற்றனிடம் கேட்கிறார். இந்த அளவுகோலால் நூரை அளந்து பார்க்கலாம். தோற்றத்தில் அவர் தோற்றார். கண்டவர் மறவாத முகம். பயிற்சியளித்தவர்களே இப்பெண் இப்பணிக்கு ஏற்றவரல்லர், மூளைச் சுமை அதிகமில்லாதவர் என்று ஏளனமாகக் குறிப்பெழுதினர். பொய் பேசத் தயங்குகிறார் என்பதும் குற்றமாகக் கருதப்பட்டது. அஞ்சாமையில் வென்றார். 1943 ஜூன் 16 இரவு விமானத்தில் பிரான்ஸில் இறங்கினார். பத்து நாட்களுக்குள் அவரைச் சேர்த்துக் கொண்ட குழுவின் தலைவர்கள் அனைவரும் பிடிபட்டனர். திரும்பி வந்து விடு என்று இலண்டன் சொல்லியும், தந்தியடிக்க வேறு ஆளில்லை என்று அவர் இருந்து விட்டார். மூன்றாவது இயல்பில்தான் சிக்கல். அவர் வாய் எதையும் வெளியிடவில்லை. பாரிஸ் ஜெர்மானிய உளவுத் தலைமையகத்தின் அதிகாரியான கீஃபரே போருக்குப் பின் அவ்வாறு சாட்சி சொன்னான். எதிரியின் சாட்சியத்தைக் காட்டிலும் வலிய சாட்சியம் இல்லை. ஆனால் அவர் அனுப்பிய செய்திகளனைத்தையும் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். அது ஜெர்மானியர் கையில் சிக்கிற்று.

இவ்விடத்தில் ஷ்ரபணி பாசுவின் நடுநிலையை நாம் பாராட்டுகிறோம். மற்ற பலர் அப்புத்தகத்தைக் காட்டி நூரை அறிவிலி என்றனர். பாசு அவருக்கு இடப்பட்ட எழுத்து மூலமான ஆணையையே எடுத்துக் காட்டுகிறார். செய்திகளைக் 'கோப்பிடுவதில்' மிகுந்த கவனம் வேண்டும் என்று அதில் இருந்தது. ஆங்கிலத்தில் பத்திரிகைக்காரர் அனுப்புவதையும் அதே சொல்லால் குறிப்பர். அலுவலகத்தார் சேர்த்து வைப்பதையும் அதே சொல்லால் குறிப்பர். நூர் இரண்டாவது பொருளைக் கொண்டார். ஒரு சொல்லின் இருபொருள் எத்தனை உயிரைக் குடித்தது! மொழி கற்பிக்கும் நம்போன்றோர் இப்பகுதியை மாணாக்கர்க்குப் படித்துக் காட்டலாம்.

நூரை வழியனுப்பியவர் வீரா அட்கின்ஸ் என்னும் பெண் அதிகாரி. கிளம்பும் முகவர்களின் சட்டைப் பையில் ஆங்கிலப் பயணச்சீட்டின் துண்டு கூட இல்லாதபடி சோதிப்பது அவர் பணி. அவர் அணிந்திருந்த பறவை வடிவ வெள்ளி ஊசியை நூர் வியந்து நோக்க, அதைக் கழற்றி நூரின் ஆடையில் குத்திவிட்டார் என்பது இரு நூல்களிலும் வரும் காட்சி. நாம் சொல்லும் மற்றொரு நூல் ஸாரா ஹெல்ம் 2005-இல் வெளியிட்ட வீராவின் வரலாறு. மேட்டுக்குடி ஆங்கிலச் சீமாட்டி என்று எல்லாரும் நம்பிய வீரா 1908-இல் ருமேனியாவில் வீரா ரோசன்பெர்க் என்னும் யூதக் குழந்தையாகப் பிறந்தவர்; 1937-இல் இங்கிலாந்து வந்து, தாய்வழிப் பெயரைச் சூட்டிக் கொண்டவர்; 1944 வரை பிரிட்டிஷ் குடியுரிமையே இல்லாதவர்! எதிரி நாட்டார் என்னும் முத்திரை தலைக்கு மேல் தொங்க, அரசின் மிக இரகசியமான நாற்காலியொன்றில் உட்கார்ந்திருந்தார். 2000-ஆம் ஆண்டில் மறையும் வரை இதைத் தாமாக எவரிடமும் சொல்லாமற் காத்தார். நூரை நாம் இளவரசியாக்கி அகதியை மறைத்தோம். வீரா தம்மைச் சீமாட்டியாக்கித் தம்முள்ளிருந்த அகதியைத் தாமே மறைத்துக் கொண்டார்.

1943 அக்டோபர் நடுவில் நூர் காட்டிக் கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். ஜெர்மானியர் அவருடைய கருவியைக் கொண்டே அவரைப் போல் இலண்டனுக்குத் தந்தியடித்தனர், இலண்டன் நம்பிற்று. குறியீட்டுத் துறையின் தலைவர் லியோ மார்க்ஸ், பதினெட்டு எழுத்துடைய சாவிச் சொல்லை நூர் பயன்படுத்தினால் அவர் பிடிபட்டார் என்று பொருள் கொள்ளத் தமக்குள் ஏற்பாடு செய்திருந்ததாகவும், அவ்வெச்சரிக்கை வந்தே விட்டதாகவும் தம் நினைவு நூலில் எழுதுகிறார். (நூரைச் சந்திக்குமுன் அவர் நூரின் ஜாதகக் கதைகளைப் படித்து வந்தாராம். ஒருவரை அறிய அவர் எழுத்தைப் படித்த ஒரே அதிகாரி அவர்தாம் போலும்!) மேலதிகாரிகள் செவி சாய்க்கவில்லை. 1944 பிப்ரவரி இறுதியில் அப்போலிச் செய்திகளை நம்பி இறக்கிய மூன்று முகவர்கள் நேரே ஜெர்மானியர் கையில் விழுந்தனர். அவர்களுள் ஒருவர் மதலேன் தாமர்மான் என்னும் பிரெஞ்சுப் பெண். அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று தாஹௌ முகாமில் நூரோடு சேர்த்துச் சுடப்பட்ட மூவரில் அவரும் ஒருவர். நூருக்கும் அவருக்கும் அதிகாலையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எண்ண நெஞ்சம் நடுங்குகிறது. வீரா ஏன் மேலதிகாரியை எதிர்த்துப் பேசவில்லை? குடியுரிமைக்காக அவரை நம்பியிருந்த அகதி எப்படிப் பேசுவார் என்று ஹெல்ம் ஐயுறுகிறார். நமக்கு அந்த ஐயம் நியாயமாகவே படுகிறது.

எச்சரிக்கை அந்த ஒரு வழியாக மட்டும் வரவில்லை. 'மதலேன்' (நூரின் மறைபெயர் அது) 'மருத்துவமனையில்' இருக்கிறாள் என்று ஸோன்யா என்பவள் சொல்வதாகவும் ஒரு செய்தி அக்டோபரில் இலண்டனுக்கு எட்டிற்று. ஸோன்யா யாரென்று இலண்டனுக்குத் தெரியவில்லை; செய்தி கிடப்பில் போடப்பட்டது. அவர்தாம் நாம் சொன்ன இரண்டாவது யூதப் பெண்: ஸோனியா ஓல்ஷானெஸ்கி. ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் 1923-இல் பிறந்து, குடும்பத்தோடு பாரிஸில் குடியேறியவர். பிரான்ஸிலேயே குழுவில் சேர்க்கப்பட்டதால் இலண்டன் பதிவேட்டில் அவர் பெயரில்லை. அவரும் பிடிபட்டு, 1944 ஜூலை 6 அன்று நாட்ஸ்வைலர் முகாமில் வேறு மூன்று பெண்களோடு கொல்லப்பட்டார்.

போர் முடிந்ததும் வீரா ஜெர்மனிக்குச் சென்று, காணாமற்போன 118 முகவர்களின் முடிவைத் தேடினார். அஃது ஒரு பெருஞ்செயல். அறிவிப்பாளரை ஒவ்வொருவராக விசாரித்து, ஒருவர் கூற்றை மற்றவர் கூற்றோடு உரசிப் பார்த்து உண்மை காண்பது நம் ஹதீஸ் கலையாளர் கண்ட முறை; வீரா செய்தது ஏறக்குறைய அதுவே. ஆனால் நாட்ஸ்வைலரில் இறந்த நால்வரில் அடையாளம் தெரியாத ஒருத்தியை அவர் நூர் என்று முடிவு கட்டினார். கருங்கூந்தல், மெல்லிய உடல் என்னும் சாட்சியம் போதுமாயிற்று. தம் பட்டியலில் இருந்த பெயர்களுக்குள்தான் இறந்தவள் இருக்க வேண்டும் என்று எண்ணியதே அவர் முறையிலிருந்த ஓட்டை. போர்ஸ்ஹைம் சிறையில் உடனிருந்த ஒரு பிரெஞ்சுக் கைதியின் கடிதமே உண்மையை வெளிக்கொணர்ந்தது: சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் தனியறையில் கிடந்த நூர், உணவுத் தட்டின் அடியில் எழுத்துகளைக் கீறித் தம் பெயரைத் தெரிவித்திருந்தார். 1947-இல் தாஹௌ என்று திருத்தப்பட்டது. அப்படியானால் நாட்ஸ்வைலரில் இறந்தவள் யார்? ஸோனியாவின் பெயரை வெளியிட 1958-இல் எலிசபெத் நிக்கலஸ் என்னும் எழுத்தாளர் நூல் எழுத வேண்டியிருந்தது. எச்சரிக்கை அனுப்பியபோதும் பெயர் தெரியாதவள்; இறந்த பிறகும் பெயர் தெரியாதவள். நூருக்கு 1949-இல் ஜார்ஜ் சிலுவை விருதும் 2012-இல் இலண்டன் பூங்காவில் சிலையும் கிடைத்தன. ஸோனியாவுக்கு பாசுவின் நூலில் கிடைத்த இடம் நமக்குப் போதவில்லை. ஹெல்ம் அவருக்கு நியாயம் செய்திருக்கிறார்.

அறிவிப்பாளர் தொடர் என்று சொன்னோமே, அதே உரைகல்லை நூரின் கடைசிச் சொல்லுக்கும் வைக்க வேண்டும். 'விடுதலை' என்று பிரெஞ்சு மொழியில் உச்சரித்து இறந்தார் என எல்லாரும் எழுதுகிறார்கள். அது முகாமிலிருந்த ஒரு டச்சுக் கைதியின் வழியாகப் பல்லாண்டுகளுக்குப் பின் வந்த தனி அறிவிப்பு. அழைத்துச் சென்ற ஜெர்மானியக் காவலர்கள் வீராவிடம் சொன்ன கதையோ வேறு: நால்வரும் கைகோத்து மண்டியிட்டனர், சுடப்பட்டனர். காவலர்கள் தம்மைக் காக்கப் பொய் சொல்லக் கூடியவர்கள் என்பது மெய்யே. என்றாலும் தனி அறிவிப்பைப் பலவீனமானது என்று குறித்தே எழுதுதல் முறை. பாசு இரு கூற்றுகளையும் தருகிறார். ஆனால் அவர் மனம் எப்பக்கம் சாய்கிறதென்பது தெரிகிறது. அச்சொல் இல்லாவிட்டால் நூரின் தியாகம் குறைந்தா போகும்?

நூம்பலில் மக்ரிபு தொழுகைக்குப் பின் நூல்களைப் பற்றிப் பேசும் சிலரிடையே இந்நூலைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஓர் இளைஞர் கேட்டார்: வெள்ளையனுக்கு வேலை செய்தவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? தட்டிக் கழிக்கக் கூடிய கேள்வியன்று. நூரிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். விமானப் படையின் நேர்காணலில், போர் முடிந்ததும் இந்திய விடுதலைக்கே துணை நிற்பேன் என்று அவர் மறைக்காமல் சொன்னார். பாசு இதைச் சொல்லிவிட்டு மேலே சென்று விடுகிறார். நாம் அங்கேயே நின்று விட்டோம்; ஏனெனில் அவ்விடத்தில் நம் நாட்டார் மற்றொருவர் நிற்கிறார்.

திருவிதாங்கூரில் வக்கம் என்னும் ஊரில் 1917-இல் பிறந்த அப்துல் காதர் பிழைப்புத் தேடி மலாயா சென்றார். பினாங்கில் இந்திய ஸ்வராஜ் நிலையத்தில் உளவுப் பயிற்சி பெற்று, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் ஏறி, 1942 செப்டம்பர் 27 இரவு மலபாரில் தானூர்க் கடற்கரையில் தோழர்களோடு இறங்கினார். இறங்கிய சூட்டோடு பிடிபட்டார். விசாரணை சென்னையில் நடந்தது. 1943 செப்டம்பர் 10, ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை அதிகாலையில், அவரும் அனந்தன், சத்தியேந்திர வர்தன், ஃபௌஜா சிங் ஆகியோரும் சென்னை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டனர். நம் பூந்தமல்லி நெடுஞ்சாலை நகரத்தினுள் சென்று முடியும் சென்ட்ரல் நிலையத்தின் அருகேதான் அச்சிறை இருந்தது. சிறை புழலுக்கு மாற்றப்பட்டு, பழைய கட்டடம் 2009-இல் இடிக்கப்பட்டது. அந்த வெள்ளிக்கிழமையில் நூர் பாரிஸில், அதே அரசின் பெயரால், அதே வகைப் பயிற்சியை நம்பி, பெட்டியைத் தூக்கிக் கொண்டு அலைந்து கொண்டிருந்தார். இருவருக்கும் மூன்று வயது வேறுபாடு. இருவரையும் பிடித்தவர்கள் ஒற்றர் என்றே அழைத்தனர்.

இவருள் எவர் செய்தது சரி என்று இளைஞர்கள் கேட்டனர். காதரை அனுப்பிய ஜப்பானின் கூட்டாளி, ஸோனியாவைக் கொன்ற ஹிட்லர். நூரை அனுப்பிய பிரிட்டன், காதரைத் தூக்கிலிட்ட பிரிட்டன். அனுப்பியவர்களின் கணக்கை அனுப்பப்பட்டவர் மேல் எழுதுவது நியாயமன்று என்பதே நம் கருத்து. எதை எதிர்த்துப் போனார்கள், பிடிபட்டபின் எவ்வாறு நடந்தார்கள் என்னும் இரண்டையே அவர்களிடம் கேட்கலாம். அவ்விரண்டிலும் இருவரும் தலை நிமிர்ந்தே நிற்கின்றனர். காதரின் நினைவாக 1998-இல் அஞ்சல் தலை வெளிவந்தது. தூக்கிலிடப்படுமுன் தந்தைக்கு அவர் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. கோப்புகளைத் தேடி, சாட்சிகளை உரசி, பாசு நூருக்குச் செய்ததைப் போல் காதருக்கும் அவர் தோழர் மூவருக்கும் சென்னையில் இருந்து ஒருவர் செய்ய வேண்டும்.

பாசுவின் நூலைத் தமிழில் பெயர்க்க முன்வருவோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. தலைப்பில் இளவரசியை விட்டுவிட்டு நூரின் பெயரை மட்டும் இடுக. ஸோனியாவைப் பற்றி ஹெல்ம் எழுதியதன் சாரத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்து, அதன் தலையில் ஓல்ஷானெஸ்கி என்னும் அவர் முழுப் பெயரையும் பிறந்த ஊரையும் பிழையின்றி அச்சிடுக.